டர்பனுக்கும் புதிது, ஆட்டிசத்துக்கும் புதிது: மன ஆதரவு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு

பையன் கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வருடம்) படித்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆசிரியை இருபது நிமிடம் பேசினார். எனக்கு நினைவில் நின்றது 'அசெஸ்மென்ட்' என்ற ஒரே சொல். காரில் வந்து உட்கார்ந்தேன், சாவியைத் திருப்ப மனம் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். அதில் உப்புப் போட மறந்தேன்.

மறுநாள் குழந்தை மருத்துவரைக் கூப்பிட்டால், ஐந்து மாதம் கழித்துத்தான் இடம் என்றார்கள். அந்த ஐந்து மாதமும் நாங்கள் காத்திருந்தோம், அவ்வளவுதான். இரவில் கூகிள், பகலில் சண்டை. "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருக்கா?" என்று நானும் கணவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் எதையும் ஆரம்பிக்க முடியும் என்று நினைத்தோம். அது தப்பு. நோயறிதலுக்குத்தான் வரிசை. மனதுக்கு ஆதரவு தேட ரிப்போர்ட் தேவையில்லை. டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் புதிதாக வரும் குடும்பங்களிடம் இதைப் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் சொற்கள்

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக் குறைபாடு), டிஸ்லெக்சியா (வாசிப்பில் தடுமாற்றம்), டிஸ்ப்ராக்சியா (உடல் அசைவில் தடுமாற்றம்), டூரெட் (தன்னையறியாமல் வரும் அசைவும் ஒலியும்) என்று பல பெயர்கள் காதில் விழும். இவை எல்லாவற்றையும் சேர்த்து மூளை வேறு விதமாக இயங்கும் ஆட்களை 'நியூரோடைவர்ஜென்ட்' என்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் ஆட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்த சிந்தனை இது. தமிழில் 'நரம்பியல் பன்மை' என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, பேசவும் வேண்டாம்.

எது முக்கியமென்றால், கவுன்சிலிங் ஆட்டிசத்தைப் போக்காது. ஏடிஎச்டியையும் போக்காது. போக்குவதற்கு அது காய்ச்சல் இல்லை. கவுன்சிலிங் தொடுவது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்றவற்றை: பதற்றம், தூக்கமின்மை, "நான் முட்டாள்" என்று பிள்ளை மனதில் உறைந்துபோன எண்ணம், அம்மாவின் குற்ற உணர்ச்சி, அப்பாவின் மௌனம், அக்காவின் பொறாமை. இவற்றுக்கு மருத்துவப் பெயர் வரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இன்னும் ஒரு சொல், 'மெல்ட்டவுன்'. இது அடம் இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிற்கும். மெல்ட்டவுனில் பிள்ளைக்கே பிடி விட்டுப்போய்விடுகிறது. சத்தம், வெளிச்சம், எதிர்பாராத மாற்றம் எல்லாம் நிரம்பி வழிகிற நேரம் அது. சில பிள்ளைகள் கத்தாமல் அப்படியே உறைந்துபோவார்கள். அது 'ஷட்டவுன்'. அமைதியாக இருப்பதால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டு வாரம், ஒரு நோட்டு

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் நான்கு வரி போதும். என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் தணிந்தது. பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். 'இன்று நான் கத்தினேன், இரவு தூக்கம் மூன்று மணி நேரம்' என்பதும் அதில் வர வேண்டும்.

எங்கள் நோட்டில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. மோசமான நாட்களில் பாதி, மின்வெட்டு நாட்கள். அப்போது லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த காலம். இருட்டு அவனுக்குப் பயமில்லை. ஃபிரிட்ஜின் உறுமல் திடீரென நிற்பதும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் கிளம்புவதும், அலாரம் பீப் அடிப்பதும்தான் தொல்லை. கட் எப்போது என்று செயலியில் பார்த்து, காலையிலேயே ஒரு தாளில் விளக்குப் படம் வரைந்து, அதன்மேல் கோடு போட்டு, நேரம் எழுதிக் காட்ட ஆரம்பித்தோம். பாதி சண்டை குறைந்தது. இதை எங்களுக்கு எந்த நிபுணரும் சொல்லவில்லை, நோட்டுதான் சொன்னது.

உடம்பில் தெரிவதையும் எழுதுங்கள். நம் ஊரில் "எனக்குப் பதற்றம்" என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "கை கால் ஓடல" என்கிறோம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது வெறும் 'டயர்டு' ஆகச் சுருங்கிவிடும். தமிழில் வந்த சொல்லையே எழுதிவைத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் விளக்குங்கள்.

யார் யார்?

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன. முதல் ஆறு மாதம் எனக்கு எல்லோரும் 'டாக்டர்'தான்.

'ரெஜிஸ்டர்டு கவுன்சிலர்' என்பவர் நான்கு ஆண்டு உளவியல் படிப்பும் களப் பயிற்சியும் முடித்தவர். குறுகிய கால ஆதரவு, பெற்றோர் வழிகாட்டல், வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றுக்கு இவரே போதும். கட்டணமும் குறைவு. ஆனால் ஆட்டிசம் என்றோ மனச்சோர்வு நோய் என்றோ முத்திரை குத்தும் வேலை இவருடையதல்ல. ஆரம்பத்துக்கு இவரைத்தான் நான் சொல்வேன். நம் ஆட்கள் நேரே பெரிய ஆளிடம்தான் போக வேண்டும் என்று நிற்பார்கள், மூன்று மாதம் வீணாகும்.

உளவியலாளர் முதுகலைப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் முடித்தவர். கிளினிக்கல், கவுன்சிலிங், எஜுகேஷனல் என்று பிரிவுகள் உண்டு. படிப்பில் தடுமாற்றம் என்றால் எஜுகேஷனல். கடுமையான பதற்றம், மனச்சோர்வு, ஆட்டிச மதிப்பீடு என்றால் பெரும்பாலும் கிளினிக்கல். இவர் மாத்திரை எழுத முடியாது. எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர். சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், எல்லோரும் 'ஓ.டி.' என்பார்கள். பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட்.

யாராக இருந்தாலும் முதலில் பதிவு எண் கேளுங்கள். மருத்துவர்கள், உளவியலாளர்கள், கவுன்சிலர்கள், தெரபிஸ்டுகள் எல்லோரும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். உளவியலாளர் எண் பி.எஸ். என்றும், ரெஜிஸ்டர்டு கவுன்சிலர் எண் பி.ஆர்.சி. என்றும், மருத்துவர் எண் எம்.பி. என்றும் தொடங்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சமூகப் பணியாளர்களுக்கு வேறு கவுன்சில், எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி. 'லைஃப் கோச்', 'ஆட்டிசம் கோச்' என்று அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அவர்களில் நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்புத் திட்டம்) அவர்களுக்கு ஒரு ரேண்ட்கூடத் தராது.

காசு விஷயம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாங்கள் அதிகம் இழந்தது இதில்தான்.

தனியார் உளவியலாளரிடம் ஒரு அமர்வு சாதாரணமாக ஆயிரம் ரேண்டைத் தாண்டும். மெடிக்கல் எய்டில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று மாதம் பொதுக் காத்திருப்பும், முன்பே இருந்த பிரச்சினைக்கு 12 மாதம் வரை காத்திருப்பும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலை தரும் நிறுவனத்தின் வழியாகக் கூட்டாகச் சேரும்போது சில சமயம் இதைத் தளர்த்துவார்கள், கேட்டுப் பாருங்கள். பையனுக்கு ஊரில் ஏற்கெனவே பார்த்திருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் உறுப்பினர் உரிமையையே ரத்து செய்யலாம்.

எல்லாத் திட்டங்களும் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டிய நீண்டகால நோய்ப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஆட்டிசமும் இல்லை, ஏடிஎச்டியும் இல்லை. வலிப்பு நோய் இருக்கிறது. ஆட்டிசத்தோடு வலிப்பும் உள்ள பிள்ளை என்றால் அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மற்றபடி பெரும்பாலான செலவு மெடிக்கல் எய்டிலேயே இருக்கும் உங்கள் 'சேவிங்ஸ்' கணக்கிலிருந்துதான் போகும். பல குடும்பங்களுக்கு அது வருடத்தின் நடுவிலேயே காலியாகிவிடும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று. மனச்சோர்வு நோய், அதாவது மேஜர் டிப்ரெஷன், 'பி.எம்.பி.' எனப்படும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் வருகிறது. மருத்துவமனையில் ஆண்டுக்கு மூன்று வாரம் வரை, அல்லது வெளிநோயாளியாக 15 அமர்வு வரை உளவியல் சிகிச்சை. இது பிள்ளைக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. பையனுடைய ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் நான்தான் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தேன். ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், என்னைப் பார்த்துவிட்டு, "உங்கள் பையனைப் பிறகு பேசலாம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். அழுதுவிட்டேன். முதல் கவுன்சிலிங் நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான், பையன் இல்லை.

அப்போது கற்ற பாடம்: எந்த பில்லிலும் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீடு இருக்கும். எஃப்84.0 என்றால் ஆட்டிசம், எஃப்90.0 என்றால் கவனக் குறைபாடு. மெடிக்கல் எய்ட் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் எந்தப் பையிலிருந்து பணம் தருவது என்று முடிவு செய்கிறது. அமர்வுக்கு முன்பே "என்ன குறியீடு போடுவீர்கள், பி.எம்.பி. விண்ணப்பம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வருடத்துக்கு எத்தனை தடவை கேட்டாலும் அவர்கள் தப்பாக நினைப்பதில்லை.

மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் பக்கத்து அரசு கிளினிக்கில் ஆரம்பிக்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் பதிவான 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை எடுத்துப் போங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கே போட்ட தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோகலாம். அங்கிருந்து கடிதம் வாங்கி, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருப்பவர்கள் ஆர்.கே. கான் போன்ற பகுதி மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கும் போவார்கள். கடிதமில்லாமல் நேரே பெரிய இடத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிசை நீளம், பொறுமை வேண்டும், காலை ஆறு மணிக்கே போய்விடுவது நல்லது. பல்கலைக்கழக உளவியல் துறைகளில் பயிற்சி மாணவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பதுண்டு. ஜொகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் எம்தோஞ்ஜெனி மையம் அப்படிப்பட்டது.

கடுமையான குறைபாடுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு சாசா என்ற அரசு உதவித்தொகை நிறுவனம் வழியாகக் 'கேர் டிபென்டன்ஸி கிராண்ட்' (பராமரிப்பு உதவித்தொகை) உண்டு. குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதி நிலை பெற்றவர்கள் மட்டுமே கேட்க முடியும். வேலை விசாவில் வந்தவர்களுக்கு இல்லை. ஆனால் இங்கே வரி கட்டுகிற எவரும் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி, தெரபி செலவுக்கு வரிச் சலுகை கேட்கப் பார்க்கலாம். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள். எங்கள் டப்பா இப்போது மூன்றாவது.

முதல் போன்

ரிசப்ஷனில் எடுப்பவரிடம் கதை முழுவதையும் கொட்ட வேண்டாம். ஐந்து கேள்வி போதும். ஆட்டிசம் அல்லது ஏடிஎச்டி உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? எந்த வயதினர்? பிள்ளை பேச மறுத்தால் எப்படிப் பார்ப்பார்? பெற்றோருக்குத் தனி அமர்வு உண்டா? ரத்து செய்தால் கட்டணம் உண்டா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம் கேட்பவர்கள் நிறைய. காலையில் மெல்ட்டவுன் வந்து வரமுடியாமல் போவது நம் வீடுகளில் சகஜம். ஆன்லைனில் மாற்றிக்கொள்ள விடுவார்களா என்றும் கேளுங்கள்.

சில பதில்கள் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். "ஆறு மாதத்தில் நார்மல் ஆக்கிவிடுவேன்" என்பவர். "கண்ணைப் பார்த்துப் பேசும்வரை விடமாட்டேன்" என்பவர். அம்மா அப்பாவுக்கு எதுவும் சொல்லமாட்டேன், அறைக்குள் எட்டிப்பார்க்கவும் கூடாது என்பவர். உடம்பிலிருந்து உலோகத்தை இறக்கும் கீலேஷன், வாயில் ஊற்றும் 'மிராக்கிள்' சொட்டு என்று யாராவது சொன்னால் அடுத்த நொடி கிளம்புங்கள். அந்தச் சொட்டு தொழிற்சாலை பிளீச்சுக்கு நெருங்கிய உறவு. அதனால் பிள்ளைகளுக்கு உயிராபத்து வரும்.

நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில் பையன் கைகளை உதறியதும் அவர் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். பையன் இரண்டு நாள் கையை உதறவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாவது அமர்வுக்கு நாங்கள் போகவில்லை. ஒரு நிபுணரை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்ப்பது துரோகம் இல்லை. நம்மவர்களுக்கு இது கஷ்டம், "அவங்க என்ன நினைப்பாங்க" என்று இழுத்துக்கொண்டே போவோம்.

தமிழா, இங்கிலீஷா?

இந்த ஊர்த் தமிழர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் வாரிசுகள் இன்று வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். இங்கே "நீ தமிழா ஹிந்தியா?" என்று கேட்டால் பேச்சு மொழியைக் கேட்கவில்லை, எந்தக் கோயில், எந்தச் சடங்கு என்று கேட்கிறார்கள். அதனால் தமிழ்ப் பெயர் கொண்ட உளவியலாளர் கிடைத்தால் தமிழில் பேசலாம் என்று ஆசைப்பட்டுப் போகாதீர்கள். எனக்குக் கிடைத்தவர் பெயர் அசல் தமிழ், பேச்சு முழுக்க டர்பன் ஆங்கிலம். ஆனால் மாமியார், நேர்த்திக்கடன், ஆடிக் கூழ் எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே பாதி மொழிபெயர்ப்பு.

"வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்புகிறான்" என்று யாராவது சொல்வார்கள். பள்ளியில் சொல்வார்கள், சில தெரபிஸ்டுகளும் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு கெடுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தமிழை எடுத்துவிட்டால் அவன் பாட்டியை இழப்பான், நீங்கள் கொஞ்சுவதற்கான மொழியை இழப்பீர்கள். தெரியாத ஆங்கிலத்தில் "நோ, நோ, டோன்ட்" என்று கட்டளை போட மட்டுமே முடியும். நானும் மூன்று மாதம் அப்படிச் செய்து பார்த்தேன், வீடு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆனது.

தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஆலோசகரிடம் ஆன்லைனில் பேசலாம். இந்தியா மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே பிள்ளை பள்ளியில் இருக்கும் காலை பத்து மணி அங்கே மதியம் ஒன்றரை, வசதியான நேரம். மெடிக்கல் எய்ட் பணம் தராது, இங்குள்ள பள்ளிக்கான கடிதத்தையும் அவரால் தர முடியாது. ஆனால் உங்கள் துக்கத்துக்கு அவர் போதும்.

பிள்ளை அறைக்குள் போனதும்

முகத்துக்கு நேரே உட்கார்ந்து "எப்படி உணர்கிறாய்?" என்று கேட்டால் ஆட்டிசம் உள்ள பலருக்கு பதில் வராது. மனதில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. உள்ளே நடப்பதற்குச் சொல் கிடைக்க அவர்களுக்கு நேரம் எடுக்கும். நல்ல தெரபிஸ்ட் பக்கவாட்டில் உட்கார்ந்து லெகோ கட்டுவார், வரைவார், பிள்ளைக்குப் பிடித்த ரயிலையோ டைனோசரையோ பற்றிப் பேசுவார். முதல் நான்கு வாரம் "காசு கொடுத்து விளையாட விடுகிறோமே" என்று தோன்றும். தோன்றட்டும்.

போவதற்கு முந்தின நாள் கட்டிடத்தின் படம், அறையின் படம், அவர் முகம் மூன்றையும் காட்டுங்கள். கேட்டால் அனுப்புவார்கள். திரும்பி வரும்போது காரில் விசாரணை வேண்டாம். "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் உள்ளே போகமாட்டான். ஒரு சமோசா வாங்கிக்கொடுத்துப் பேசாமல் வண்டி ஓட்டுங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் பின் சீட்டிலிருந்து தானாக வரும், பெரும்பாலும் ட்ராஃபிக்கில் மாட்டியிருக்கும்போது.

பன்னிரண்டு வயதைத் தாண்டி, புரிந்து முடிவெடுக்கும் முதிர்ச்சியும் இருந்தால், பிள்ளையே தன் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கலாம் என்கிறது 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். அப்போதிலிருந்து தெரபிஸ்ட் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார்.

வீட்டு மனிதர்கள்

இந்த விஷயத்தில் எந்தப் புத்தகத்தை விடவும் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு ஆன்ட்டி எனக்கு உதவினார். நான்காம் தலைமுறை, தமிழ் பேச வராது, ஆனால் 'ஐயோ' மட்டும் சுத்தத் தமிழில் வரும். அவர் பேரனுக்கும் ஆட்டிசம். என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருஷ்டி கழிக்க வைத்தார், மறுநாள் அவரே என்னை ஓ.டி.யிடம் கூட்டிப்போனார். "ரெண்டையும் செய், எதையும் இன்னொன்றுக்குப் பதிலாகச் செய்யாதே" என்றார். வேண்டுதல் வைப்பவர்களைக் கேலி செய்யும் நிபுணர்களை எனக்குப் பிடிக்காது. முருகனைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறவினர்களையும் பிடிக்காது.

ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் அத்தை மாமாக்களுக்கு ஒரு வரி தயாராக வைத்திருங்கள். எங்கள் வரி: "அவனுக்குச் சத்தம் நம்மை விட அதிகமாகக் கேட்கிறது." அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கு 'ஸ்பெக்ட்ரம்' எல்லாம் வேண்டாம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல் ஒன்றை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதி உண்மைதான், மற்றவர்களுக்கும் அவரைப் புரியவில்லை என்பது மீதிப் பாதி. இதைப் படித்த அன்று என் கணவர் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பையன் "எதுக்கு?" என்றான்.

கூடப்பிறந்தவர்களை மறந்துவிடுவோம். எங்கள் பெண் ஒன்பது வயதில், "எனக்கும் ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் அவளும் நானும் மட்டும் பீச்சுக்குப் போகிறோம், தம்பியைப் பற்றிப் பேசுவதில்லை. கணவன் மனைவிக்குத் தனியாக ஒரு அமர்வு போடுங்கள், தினசரி வேலைப் பங்கீட்டை மட்டும் பேசவாவது. யார் இரவில் எழுவது, யார் மெடிக்கல் எய்டோடு மல்லுக்கட்டுவது என்று.

இதே பாதையில் போகும் மற்ற பெற்றோரையும் தேடுங்கள். டர்பனில் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம், நாடு முழுவதற்கும் ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்கா, ஏடிஎச்டிக்கு அதாசா என்று அமைப்புகள் இருக்கின்றன. மற்ற பெற்றோர் எங்கே கூடுகிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

பள்ளி

சுருக்கமாகச் சொல்கிறேன், இதுவே தனிக் கட்டுரை. பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உதவி தேவை என்று கண்டறிய 2014ல் வந்த சியாஸ் என்ற கொள்கைப்படி, ஆசிரியர் எஸ்.என்.ஏ. 1 என்ற தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2, அதற்கும் மேல் மாவட்டக் குழு எஸ்.என்.ஏ. 3. பெற்றோரோடு பேசாமல் இது நடக்கக் கூடாது. "எஸ்.என்.ஏ. 1 எப்போது நிரப்புவீர்கள்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம். கவுன்சிலரின் கடிதத்தை அதோடு இணைத்தால் தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை ஆகியவற்றைக் கேட்கும்போது பின்னால் உதவும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே சந்தேகம் வந்தால்

வரும். பிள்ளைக்கான கேள்வித்தாளை நிரப்பும்போது "இது என்னைப் பற்றி அல்லவா?" என்று பேனா நின்றுவிடும் அப்பா அம்மாக்கள் நிறைய. எனக்கு 41 வயதில் ஏடிஎச்டி என்று தெரிந்தது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்று அமெரிக்க மருத்துவக் கையேடு ஏற்றுக்கொண்டதே 2013ல்தான். அதனால் நம் தலைமுறையில், முக்கியமாகப் பெண்களில், பலர் விடுபட்டுப்போனதில் ஆச்சரியமில்லை. 'பொறுப்பில்லாதவ', 'மறதிக்காரி', 'யாரோடும் ஒட்டாதவன்' என்ற பட்டங்களோடு வளர்ந்தோம்.

பெரியவர்களுக்கான கவுன்சிலிங்கில் முதலில் வருவது நிம்மதி, அப்புறம் கோபம். இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்ற கோபம். அது வரும்போது தெரபியை நிறுத்திவிடாதீர்கள், அப்போதுதான் வேலையே தொடங்குகிறது. மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல்: மெதில்ஃபெனிடேட் இங்கே ஆறாம் அட்டவணை மருந்து. ஒரு சீட்டுக்கு முப்பது நாள் மருந்துதான், அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. மறதிக்காரர்களுக்கான மருந்தை மாதாமாதம் மறக்காமல் வாங்கச் சொல்லும் சட்டத்தை எழுதியவர் யாரோ, நகைச்சுவை உணர்வு உள்ளவர். போனில் 25ஆம் தேதி அலாரம் வையுங்கள். ஊருக்கு எடுத்துப்போவதென்றால் மருத்துவரின் கடிதமும் அசல் பெட்டியும் கையில் இருக்கட்டும்.

இரவு இரண்டு மணி

சமையலறைக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். சாடாக் என்ற மனநல அமைப்பின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. லைஃப்லைன் 0861 322 322. பிள்ளைகளுக்கான சைல்ட்லைன் 116. செல்போனிலிருந்து அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 10177. இவை ஆட்டிசத்துக்கான எண்கள் அல்ல. எடுப்பவருக்கு மெல்ட்டவுன் என்றால் தெரியாமலும் இருக்கலாம். "என் மகனுக்கு ஆட்டிசம், அவனைத் தொடாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள், சைரன் வேண்டாம்" என்ற வரிகளை ஆங்கிலத்தில் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். பதறும் நேரத்தில் ஆங்கிலம் வாயில் வராது.

அதே தாளின் கீழே வருடத்தின் கஷ்டமான நாட்களையும் குறித்திருக்கிறோம். தீபாவளி, நவம்பர் 5ஆம் தேதி 'கை ஃபாக்ஸ்' என்ற ஆங்கிலேயப் பட்டாசு இரவு, டிசம்பர் 31. மூன்றிலும் டர்பனில் வெடி வெடிக்கும். அந்த வாரங்களில் தெரபி நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுகிறோம். தைப்பூசக் காவடிக்கு மட்டும் அவன் வருகிறான். விடிகாலையில், மேளம் தொடங்குவதற்கு முன்னால், காதுக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. மயிலிறகு கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். முதல் மேளச் சத்தம் கேட்டதும் என் கையைத் தட்டுகிறான், நாங்கள் கிளம்பிவிடுகிறோம்.